வயிற்றுப் பிள்ளைக்காகச் செய்யும் பரிசோதனைகள்: எதைத் தவறவிடக் கூடாது? எதை யோசித்துச் செய்ய வேண்டும்?

பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் லயத்தில் இரண்டு விதமான பேச்சு எழும். "நாங்க ஆறு புள்ள பெத்தோம். எங்களுக்கு யாரு ரத்தம் எடுத்துப் பாத்தா?" என்பது ஆச்சிமாரின் பேச்சு. "காசு போனா போகட்டும், டவுனுக்குப் போயி இருக்கிற எல்லா டெஸ்டையும் செஞ்சிருவோம்" என்பது கொழும்பில் வேலை செய்து லீவுக்கு வந்திருக்கும் தம்பியின் பேச்சு. இருவருக்கும் நடுவில் நிற்கிற பெண்ணிடம் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பரிசோதனையின் பதில் கைக்கு வந்த பிறகு நாம் என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்டுப் பார்த்தால் பரிசோதனைகள் தாமாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கத்தில் இருப்பவை, குறை தெரிந்தால் குளிசையோ ஊசியோ சாப்பாட்டு மாற்றமோ கொடுத்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றக் கூடியவை. இவற்றைச் செய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கத் தேவையே இல்லை. மறுபக்கத்தில் இருப்பவை, பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கக்கூடுமா என்று முன்கூட்டிச் சொல்லப் பார்ப்பவை. அவற்றுள் சில, சொல்லுமே தவிர எதையும் மாற்றாது. அவற்றைச் செய்வதும் விடுவதும் பெற்றோரின் விருப்பம். சிக்கல் என்னவென்றால், இரண்டுக்குமே அதே கையில் அதே ஊசியால்தான் இரத்தம் எடுக்கிறார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சிலர் கட்டாயம் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, கட்டாயமில்லாததற்குக் கடன் வாங்குகிறார்கள்.

கிளினிக்கில் காசில்லாமல் செய்பவை

முதலில் கட்டாயமானவற்றைப் பார்ப்போம். நாள் தள்ளிப்போனதும் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவரிடம், பேரைப் பதிந்துகொண்டால் அவர் ஒரு பதிவு அட்டை தருவார். அதில் உள்ள கட்டங்கள் சும்மா நிரப்புவதற்கல்ல.

ஹீமோகுளோபின் என்ற இரத்தச் சத்து அளவு அதில் ஒன்று. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 7க்குக் குறைந்தால் கடுமையான இரத்தச்சோகை. பிள்ளை பிறக்கும்போது எல்லாத் தாய்க்கும் கொஞ்சம் இரத்தம் போகும். சத்துள்ள உடம்பு அதைத் தாங்கும். வெளிறிய உடம்பு தாங்காது. பிள்ளையும் எடை குறைந்து, 2,500 கிராமுக்குக் கீழே பிறக்கக்கூடும். எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் அதிகம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

இதற்கு மருந்து இரும்புச் சத்துக் குளிசை. அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு குமட்டும். "ஒத்துக்கல" என்று காம்பராவின் இறவாணத்தில் செருகி வைத்துவிடுவோரும் உண்டு. மலம் கறுப்பது மருந்தின் குணம், அதில் பயமில்லை. குமட்டலுக்கு இராத்திரி படுக்கும்போது குடித்துப் பார்க்கலாம். இன்னொரு காரியமும் உண்டு. குளிசையைச் சாயத்தண்ணியோடு குடித்தால் இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. தேயிலையில் உள்ள துவர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றில், கீரையில் உள்ள இரும்புக்கும் இதே கதிதான். ஆகவே தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். நாம் பறிக்கிற கொழுந்தைப் பற்றி நாமே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! கொய்யாப்பழமோ தேசிக்காய்த் தண்ணியோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் குடிக்க வேண்டும்.

இரத்தத்தில் சீனி இருக்கிறதா என்று முதல் கிளினிக்கிலும், பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு முறையும் பார்ப்பார்கள். இரண்டாவது முறை வெறும் வயிற்றோடு போய், சீனித்தண்ணி குடித்து, காத்திருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். அரை நாள் போய்விடும். "ஒரு நாள் பேர் போயிருமே" என்று இதைத் தட்டிக் கழிப்பவர்கள் அதிகம். கர்ப்ப காலத்தில் மட்டும் வரும் சீனி வருத்தம் வலி எதுவும் காட்டாது. பிள்ளை மிகப் பெரிதாகி, பிரசவம் சிக்கலாகும்போதுதான் வெளியே தெரியும். முன்னமே தெரிந்தால் பலருக்குச் சாப்பாட்டு மாற்றமே போதும்.

சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். "எங்கள அப்படி நினைச்சிட்டாங்களா?" என்று மனம் நோக வேண்டாம். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாத் தாய்மாரிடமும் ஒரே மாதிரித்தான் எடுக்கிறார்கள். அப்படி எல்லோரிடமும் எடுத்ததால்தான், இந்த இரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. சிபிலிஸ் இருந்தால் பெனிசிலின் ஊசி தாயைக் குணப்படுத்திப் பிள்ளையையும் காக்கும். புருஷனும் மருந்து எடுக்க வேண்டும்.

இரத்த வகை நெகட்டிவ் என்று வந்தவர்கள் அதை மறக்கவே கூடாது. பிள்ளையின் வகை பொசிட்டிவ் என்றால், பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். அது இந்தப் பிள்ளைக்காக அல்ல, அடுத்த பிள்ளைக்காக. இரத்த அழுத்தம், சிறுநீர் பார்ப்பது ஆகியவற்றை ஒவ்வொரு கிளினிக்கிலும் செய்வார்கள். கால்முகம் வீங்கி, தலைவலித்து, கண் மங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

மாமன் மகளும் அத்தை மகனும்

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் ஒரு பரிசோதனை உண்டு. அது தலசீமியா. இது இரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய். நோயை முழுமையாகக் கொண்டு பிறந்த பிள்ளைக்கு மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் மேலதிக இரும்பை வெளியேற்ற, ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். குருநாகல் வைத்தியசாலையில் இதற்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. பதுளையிலும் சிகிச்சை நடக்கிறது. செலவில்லாத சிகிச்சைதான். ஆனால் மேல்மலை லயத்திலிருந்து மாதம் தவறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இந்த நோயைச் சுமப்பவர்கள் என்று ஒரு சாரார் உண்டு. அவர்களுக்கு எந்த வருத்தமும் இராது. இலேசாக வெளிறியிருப்பார்கள், அவ்வளவுதான். தாய் மட்டுமோ தகப்பன் மட்டுமோ சுமந்தால் பிள்ளைக்கு இந்தப் பெரிய நோய் வராது. இரண்டு பேரும் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதால் இரண்டாவது தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

நம்மிடையே மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டுவது வழக்கம். அது தப்பென்று சொல்ல இக்கட்டுரை வரவில்லை. ஆனால் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே குறை இறங்கியிருக்கும் வாய்ப்பு அந்நியரைவிட அதிகம். ஆகவே சொந்தத்தில் கட்டியவர்களும், குடும்பத்தில் இரத்தம் ஏற்றும் பிள்ளை உள்ளவர்களும், மாதக் கணக்கில் இரும்புக் குளிசை ஒழுங்காகக் குடித்தும் இரத்தம் ஏறாதவர்களும் தலசீமியா பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். மனைவி சுமப்பவர் என்று தெரிந்தால் புருஷன் கட்டாயம் இரத்தம் கொடுக்க வேண்டும். "எனக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தானே இருக்கேன்" என்று கைகட்டி நிற்பதில் பிரயோசனமில்லை. சுமப்பவர் எல்லோருமே நல்லாத்தான் இருப்பார்கள். இதைக் கல்யாணத்துக்கு முன்னோ, பிள்ளை தங்குவதற்கு முன்னோ பார்ப்பதே நல்லது. போலிக் அமிலக் குளிசையும் அப்படித்தான். பிள்ளையின் முதுகெலும்பும் மூளையும் நன்றாக மூட அது பிள்ளை தங்குவதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். கல்யாணமான கையோடு மிட்வைஃபிடம் கேட்டு வாங்கலாம்.

"ஸ்கிரீனிங்" என்பது சலிப்பது

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். தனியார் ஆய்வுகூடங்களில் "பேபி டெஸ்ட்", "ஸ்கிரீனிங் டெஸ்ட்" என்று சொல்பவை பெரும்பாலும் டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறையைத் தேடுபவை. இந்த டவுன் நாம் பஸ் ஏறிப் போகிற டவுன் அல்ல. 1866இல் இந்தக் குறையை விவரித்து எழுதிய ஆங்கில வைத்தியரின் பெயர். நம் உடம்பின் ஒவ்வொரு நுண்ணறையிலும் 46 மரபு இழைகள் உள்ளன. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று கூடி 47 இருக்கும். 1959இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. கூடுதல் இழை பெரும்பாலும் கரு உண்டாகும் வேளையிலேயே தற்செயலாக வந்துவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, கூடை சுமந்ததாலோ, யாருடைய கண்ணாலோ வருவதல்ல. தாய் செய்த எதுவும் இதற்குக் காரணமல்ல. மாமியார்மார் இந்த வரியை இரண்டு தரம் வாசித்தால் நல்லது.

தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,500இல் ஒன்று, 35 வயதில் 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று. ஆனாலும் இளம் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பலர் இளம் தாய்மாருடைய பிள்ளைகளே.

ஸ்கிரீனிங் என்றால் என்ன? ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தூளைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறோம். சல்லடைக்கு இது நல்ல தூள், இது காம்பு என்று தெரியாது, அளவுதான் தெரியும். காம்பு கொஞ்சம் கீழே விழுந்துவிடும், நல்ல தூள் கொஞ்சம் மேலே தங்கிவிடும். மேலே தங்கியதெல்லாம் கழிவு என்று யாரும் கொட்டிவிடுவதில்லை, எடுத்துத் திரும்பப் பார்க்கிறோம். இந்தப் பரிசோதனைகளும் அப்படித்தான். மேலே தங்கிய தாய்மாரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே அவை சொல்கின்றன.

கணக்காகப் பார்ப்போம். 11ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரம் நிறைவதற்குள் பிள்ளையின் பிடரியில் உள்ள நீரை ஸ்கேனில் அளந்து, தாயின் இரத்தத்தையும் பார்த்துச் செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. ஆயிரம் தாய்மார் இதைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஐம்பது பேருக்கு "ஆபத்து கூட" என்று துண்டு வரும். அந்த ஐம்பது பேரில் உண்மையாகவே டவுன் பிள்ளையைச் சுமப்பவர் ஒன்றிரண்டு பேர்தான். மீதி நாற்பத்தெட்டுப் பேர் சும்மா அழுதுகொண்டிருப்பார்கள். மறுபுறம், டவுன் பிள்ளை சுமக்கும் பத்துத் தாய்மாரில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு "பயமில்லை" என்றே துண்டு வரும். ஆகவே எந்தத் துண்டும் தீர்ப்பு அல்ல.

அந்தத் துண்டை வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அது இங்கிலீஷில் இருக்கும். "1:1200" என்று போட்டிருந்தால் பெரிய நம்பரைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். அதன் அர்த்தம் உங்களைப் போன்ற 1,200 தாய்மாரில் ஒருவருக்குத்தான் என்பது. பின்னால் வரும் எண் பெரிதாக இருந்தால் பயம் குறைவு. "1:100" என்றால் பயம் கூட. ஆனால் அப்போதும் நூறில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. "பொசிட்டிவ்" என்றால் நல்ல செய்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. இங்கே பொசிட்டிவ் என்றால் சல்லடையில் தங்கியது என்று அர்த்தம். டாக்டரையோ மிட்வைஃபையோ தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இப்போது தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் பிள்ளையின் மரபுத் துணுக்குகளைப் பார்க்கும் புதிய பரிசோதனையும் வந்திருக்கிறது. பத்து வாரத்திலிருந்து செய்யலாம். நூறு டவுன் பிள்ளைகளில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பதைக் கண்டுவிடும். ஆனால் விலை மிக அதிகம், அதுவும் சல்லடைதான். கொஞ்சம் நுண்ணிய சல்லடை. உறுதியாகச் சொல்வது ஊசியால் பன்னீர்க்குடத்து நீரை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையே. 15 வாரத்துக்குப் பின் செய்வது. எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை. இருநூறு பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவருக்கு அதனால் கர்ப்பம் கலையக்கூடும். சல்லடையில் தங்கிய பிறகு இந்த ஊசிக்குச் சம்மதிப்போமா என்பதை முதலாவது இரத்தம் கொடுப்பதற்கு முன்பே புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்ள வேண்டும். "அது மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றால், ஆறு மாதம் சந்தேகத்தோடு இருக்க நேரிடும். அதைத் தாங்குவீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

பதில் வந்தால் என்ன செய்யலாம்?

ஒளிக்காமல் சொல்வதே நல்லது. சில நாடுகளில் இந்தப் பரிசோதனையின் பதிலைப் பார்த்துக் கர்ப்பத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கர்ப்பத்தைக் கலைக்கலாம். பிழைக்கவே முடியாத குறையுள்ள கர்ப்பத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று 2017இல் பேசப்பட்டது, அது சட்டமாகவில்லை. டவுன் என்று தெரிந்தாலும் எந்த ஆஸ்பத்திரியும் சட்டப்படி அதைச் செய்யாது. துண்டைப் பார்த்துப் பயந்து, டவுனில் யாரோ சொன்ன இடத்துக்கு இரகசியமாகப் போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. அதுவும் ஐம்பதில் நாற்பத்தெட்டு துண்டுகள் பொய்ப் பயம் என்னும்போது. அப்படி எங்கேனும் போய் இரத்தம் போனாலோ காய்ச்சல் கண்டாலோ, பயந்து ஒளிந்திருக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உயிர் முக்கியம்.

அப்படியானால் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இல்லாமல் இல்லை. டவுன் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயத்தில் ஒரு குறை இருக்கும். பல குறைகளுக்கு சத்திரசிகிச்சை உண்டு. கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அது காசில்லாமல் நடக்கிறது. முன்பே தெரிந்தால் சிறுபிள்ளை வைத்தியர் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். தாயும் தகப்பனும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம். "தெரியாம இருந்து பெத்த அன்னைக்கு இடி விழுந்த மாதிரி கேக்குறதவிட, முந்தியே தெரிஞ்சா நல்லம்" என்று நினைக்கும் பெண்கள் உண்டு. "எப்படிப் பிறந்தாலும் என் புள்ளதானே. அந்த அஞ்சாறு மாசத்த நிம்மதியா இருந்துட்டுப் போறேன்" என்று நினைக்கும் பெண்களும் உண்டு. இரண்டுமே சரியான நினைப்புத்தான். வேண்டாம் என்று சொன்னதற்காகக் கிளினிக்கில் உங்களைக் கவனிக்காமல் விடமாட்டார்கள். வேண்டும் என்று சொன்னதற்காக உங்களைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல லயத்தில் யாருக்கும் உரிமை இல்லை.

டவுன் பிள்ளைகள் மெதுவாக வளர்கிறவர்கள். பிந்தி நடப்பார்கள், பிந்திப் பேசுவார்கள். படிப்புக்குக் கூடுதல் உதவி தேவை. காதையும் கண்டச் சுரப்பியையும் இடைக்கிடை பார்க்க வேண்டும். பேச்சுக்கும் உடம்புக்கும் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. நம் தோட்டங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காம்பராவுக்குள்ளேயே வைத்து வளர்ப்பதைப் பார்க்கிறோம். பிள்ளையை வெளியே கொண்டுவருவதும் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்புவதும் எந்த மருந்தையும்விட உதவும்.

இவற்றிலிருந்து தள்ளிவைத்துப் பார்க்க வேண்டியது 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். இது எக்ஸ்ரே அல்ல, வெறும் ஒலிதான். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கும் அல்ல. பிள்ளையின் இருதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லாக் குறையும் இதில் தெரியாது. ஆனால் இரட்டைப் பிள்ளையா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டு கிடக்கிறதா என்பது தெரியும். நஞ்சுக்கொடி கடைசி வரை அப்படியே கிடந்தால், வலி இல்லாமலேயே திடீரென்று இரத்தம் போகும். சாதாரணப் பிரசவம் முடியாது. மழைக்காலத்தில் மண்சரிந்த பாதையில் லொறி தேடுகிற நமக்கு, அதை முன்னமே தெரிந்துவைத்து ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய காரியம்! இரத்தம் கண்டால் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள், காசில்லை. என்னைக் கேட்டால், டவுன் இரத்தப் பரிசோதனையை விட்டாலும் இந்த ஸ்கேனை விட வேண்டாம் என்றே சொல்வேன்.

காசு கொடுத்துச் செய்வதாக முடிவெடுத்தவர்கள் கட்டுவதற்கு முன் ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டியவை: இது எதைத் தேடுகிறது? சல்லடையா, உறுதியாகச் சொல்வதா? தங்கினால் அடுத்தது என்ன, அதற்கு எவ்வளவு? பதிலை யார் விளக்குவார்? கடைசிக் கேள்விக்கு "துண்டைத் தருவோம்" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். கிளினிக் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பிறகு போகலாம். ஒரு நாள் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

ஒரு நாள்தான், ஒரு மாதம் அல்ல. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து தொடங்கும். கர்ப்பம் தெரிய ஐந்தாம் மாதம் ஆகிவிட்டால் 14 வாரப் பரிசோதனைக்கும் போக முடியாது, சீனிக் கணக்கும் குழம்பும், பிள்ளை வளர்ந்தது போதுமா என்றும் சொல்ல முடியாது. கல்யாணமான பெண்கள் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்த நாளை மாதா மாதம் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாள் தள்ளிப்போனால் இரண்டாவது மாதம் முடிவதற்குள் அந்தத் தேதியை மிட்வைஃபிடம் சொல்லுங்கள். மிச்சக் கணக்கை அவர் போட்டுத் தருவார்.